தபாலில் தொலைந்த கடிதம்

ஒரு நாவலை நான் அறுபத்திரண்டாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டதால் ஒரு மனிதரைப் புதைக்க இடம் இல்லாமல் போகப் பார்த்தது. நிறுத்திவிட்டேன் என்பதை இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. அந்த நாவலைப் பற்றி இரண்டு இலக்கியக் கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன்.

மனிதர் பெல்ஜியத்துக்காரர். கரமனையில் எங்கள் வீட்டு மாடியில் பத்து வருஷத்துக்கு மேல் தனியாகக் குடியிருந்தார். தம் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு அவரைச் சாயிப்பு என்றது. வெள்ளைக்காரர் யாராக இருந்தாலும் இங்கே அதுதான் பெயர். மாலையில் கீழே வந்து என்னோடு காப்பி குடிப்பார். நான் படித்தவையும் படித்ததாகச் சொல்லிக்கொள்பவையுமான புத்தகங்களைப் பற்றிப் பேசுவேன். அவர் பொறுமையாகக் கேட்பார். ஆசிரியர்களுக்கு அந்தப் பயிற்சி உண்டு.

போன வருஷத் தொடக்கத்தில் அவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. மாடியை விட்டு இறங்க முடியாமல் கிடந்த நாட்களில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இதயமும் சரியில்லையாம். செத்தால் உடலை ஊருக்கு அனுப்ப வேண்டாம், அந்தச் செலவுக்கு வக்கில்லை, இங்கேயே கத்தோலிக்க முறைப்படி எளிமையாகப் புதைத்தால் போதும் என்றார். ஆனால் இங்கே எந்தக் கோயில் கல்லறைத் தோட்டத்திலும் அந்தப் பங்கில், அதாவது அந்தக் கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்தில், பெயர் பதிந்தவர்களுக்குத்தான் இடம். அவர் ஞாயிறுதோறும் ஆங்கிலப் பூசைக்குப் போன பெரிய கோயில் வேறு, எங்கள் தெரு சேர்ந்த பங்கு வேறு. பெயரைப் பதிய அவருடைய சொந்த ஊர்ப் பாதிரியார் லத்தீனில் எழுதி முத்திரை போட்டு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். அதைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்துவிட முடியுமா என்று சாயிப்பு கேட்டார்.

என்னிடம் விட்டுவிடுங்கள் என்றேன். அச்சனை எனக்கு நன்றாகத் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அச்சன் என்பது இங்கே பாதிரியார். அவரை நான் ஒருமுறை ரேஷன் கடை வாசலில் பார்த்திருக்கிறேன்.

போனேன். அலுவலகம் சாப்பாட்டு நேரத்துக்காகப் பூட்டியிருந்தது. காத்திருக்கச் சோம்பல்பட்டுச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்க் குடை ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். கடிதத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று கையிலிருந்த நாவலில் வைத்தேன். பிறகு நாவலைத் திறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் கேட்டபோது, “சேர்த்தாச்சு” என்றேன். நாளைக்குப் போய்ச் சேர்த்துவிட்டால் உண்மையாகிவிடும் என்ற தைரியம்.

ஈஸ்டருக்கு முன்பு பாதிரியார் தம் பங்கு வீடுகளுக்கெல்லாம் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போவது வழக்கம். எங்கள் தெருவில் மூன்று கிறிஸ்தவ வீடுகள். சாயிப்பு வெள்ளைச் சட்டை போட்டு, மேசையில் மெழுகுவத்தியும் பிளம் கேக்கும் வைத்து, நொண்டிக்கொண்டே மாடிப்படியின் தலைப்பில் வந்து நின்றார். பாதிரியார் மூன்று வீடுகளுக்கும் போய்விட்டு எங்கள் கேட்டைத் தாண்டிப் போனார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மாலையில் சாயிப்பு கேக்கை எங்களுக்குக் கொண்டுவந்தார். பட்டியலில் ஏதோ குழப்பம் போல என்றார். அச்சனுக்கு வேலை அதிகம் என்றேன். கேக்கில் இரண்டு துண்டு தின்றேன்.

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. மறந்துவிட்டார் என்று நிம்மதியடைந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலைச் சவக்கிடங்கில் வைத்தார்கள். போலீஸ், தூதரகக் கடிதம் என்று இரண்டு நாள் போயிற்று. பெல்ஜியத்தில் இருந்த தங்கை மகள் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். தன்னால் வர இயலாது, கோயிலில் எல்லா ஏற்பாடும் நீங்கள் செய்துவைத்திருப்பதாக மாமா எழுதியிருந்தார், நன்றி, என்று.

அந்த நன்றியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சவப்பெட்டிக் கடைக்குப் போனேன். செத்தது சாயிப்பு என்று கேட்டதும் கடைக்காரர் பித்தளைப் பிடி போட்ட தேக்குப் பெட்டியையும் கண்ணாடி வண்டியையும் காட்டினார். நான் சாலைக் கடைத்தெருவில் துணிக்குப் பேரம் பேசுகிற மாதிரி முகத்தைச் சுளித்து, கட்டாது என்று சொல்லி, படியிறங்கி இரண்டடி நடந்தேன். அவர் திரும்பக் கூப்பிட்டார். ஆனால் விலையைக் குறைக்க அல்ல. எந்தக் கோயில் கல்லறை, பெட்டி அளவு அதற்குத் தக்கபடி வேண்டும் என்று கேட்டார். கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு ஓடி நாவலைத் தேடினேன். கடிதம் அறுபத்திரண்டாம் பக்கத்தில் மடிப்புக் கலையாமல் இருந்தது. நேற்றுத்தான் சாயிப்பின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது என்று சொல்வதாக ஆட்டோவில் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

பங்கு அலுவலகத்தில் கப்பியார் இருந்தார். மணியடிப்பது முதல் குழி வெட்ட ஆள் பார்ப்பது வரை கோயில் வேலை எல்லாம் அவர் பொறுப்பு. குளச்சல்காரர். ஒத்திகை பார்த்ததை முழுவதும் ஒப்பித்துவிட்டுக் கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

“இது என்னத்துக்கு சாரே? அவரு பேருதான் ரெஜிஸ்டர்ல கெடக்கே.”

பெரிய பேரேட்டை எடுத்து விரித்தார். ஒரே ஆள் கொண்ட ஒரு குடும்பம் அங்கே இருந்தது. கடைசிக் கட்டத்தில், இறந்தால் தகவல் சொல்ல வேண்டியவர் என்பதற்கு நேராக, என் பெயர். உறவு: நண்பர்.

“ஈஸ்டர் கழிஞ்சு ஒருநாளு ஆட்டோல வந்தாரு,” என்றார் கப்பியார். “பேரு உண்டான்னு பாக்கச் சொன்னாரு. இல்லன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பெஞ்சில இருந்தாரு. பொறவு, லெட்டர் தபால்ல தொலஞ்சிருக்கும், வேற ஒண்ணு வரவழைக்கேன்னுட்டுப் போனாரு.”

மாதச் சந்தா கட்டினால் அடக்கச் செலவை ஏற்கும் மரணச் சங்கத்திலும் சேர்ந்திருந்தாராம். பெட்டி சங்கத்துடையது. குழி பொதுக்குழி, சில வருஷம் கழிந்தால் எலும்பை எடுத்து எலும்புகளுக்கென்றே உள்ள பொதுக் கிணற்றில் போட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இதைச் சொல்லக் கப்பியார் தயங்கியபோது, அங்கே பேச்சுத்துணைக்கு ஆள் இருக்குமல்லவா என்று சாயிப்பு கேட்டாராம்.

பிறகுதான் கப்பியார் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். கோப்பில் இருந்த கடிதத்தை உருவிப் பக்கத்தில் வைத்தார். அதே முத்திரை, அதே லத்தீன், என்னுடையதில் தேதி மட்டும் முந்தியது. இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்பம் அந்தத் தபாலு சாருதானா,” என்றார்.

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எட்டு மாதம் சாயிப்பு எல்லாம் தெரிந்துகொண்டு தினமும் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார். ஒருநாள்கூட முகத்தில் காட்டவில்லை. அந்த மாதங்களில் வாக்குத் தவறும் இன்றைய மனிதர்களைப் பற்றி நான் அவரிடம் நீளமாகப் பேசியது நினைவுக்கு வந்தது.

மறுநாள் பிற்பகல் அடக்கம். அவருக்கு என்னைத் தவிர யாருமில்லை என்று நினைத்திருந்தேன். முப்பது பேர் வந்திருந்தார்கள். பாட்டுத் தெரியாதவன் நான் ஒருவன்தான். பேரேட்டில் பெயர் இருப்பதால் முதலில் மண் போட என்னை அழைத்தார்கள். வாய்க்கரிசி போடுகிற எங்கள் வழக்கப்படி மூன்று முறை போடக் குனிந்தேன். மூன்றாவது பிடிக்குக் கப்பியார் என் முழங்கையைத் தொட்டு, குழி மூட ஆள் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாவல், பொய், கேக், பேரேடு, ஒன்று விடாமல். இருபத்தைந்து வருஷத்தில் அவளிடம் நான் கேட்ட முதல் முழுமையான பாவமன்னிப்பு அது. அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு சாயிப்புக்கு ஆட்டோ விளிச்சுக் குடுத்ததே நானாக்கும்,” என்றாள். “அவர்ட்ட சொல்லாதீங்கோ, சங்கடப்படுவார்னு சொன்னார். அதெல்லாம் படமாட்டார்னு சொன்னேன்.”