இரண்டாம் நாளே விழுந்த ஓட்டு

புதுச்சேரியில் என்னைப் போன்றவர்களின் நிலைமை கொஞ்சம் வேடிக்கையானது. தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் எங்கள் எம்.எல்.ஏ.வைத் திட்டலாம், ஆனால் அவருக்கு ஓட்டுப் போட முடியாது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பிரான்சு நாட்டு ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடலாம். அவருக்கு எங்கள் சாக்கடையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் வழியில் எனக்கு அந்த நாட்டுக் குடியுரிமை வந்தது. என்னைக் கட்டிக்கொண்டதால் என் மனைவிக்கும் வந்தது. நான் முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்து, சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருப்பவன். பிரெஞ்சில் எனக்குத் தெரிந்தது வணக்கமும் நன்றியும். அதற்கு மேல் மாதா கோயிலில் பாடும் ஒரு பாட்டு, அதுவும் அர்த்தம் தெரியாமல்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் மகளுக்கு அங்கே கல்லூரியில் இடம் கிடைத்தது. மனைவி துணைக்குப் போனாள். போன கையோடு மொழியைப் பிடித்துக்கொண்டாள், முதியோர் இல்லம் ஒன்றில் வேலையும் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே நானும் போனேன். எட்டு மாதம் இருந்தேன், திரும்பி வந்துவிட்டேன். கேட்டவர்களிடம் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். உண்மையில் குளிர் என்னை ஒன்றும் செய்யவில்லை. ரொட்டிக்கடையில்கூட அவள்தான் எனக்காகப் பேச வேண்டியிருந்தது. கடைக்காரர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே பேசுவார். குடியுரிமை என் வீட்டுச் சொத்து, நாடு என்னவோ அவளுடையதாகிவிட்டது. அந்தச் சின்ன வயிற்றெரிச்சலைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஒரு வருடம்வரை, வாங்க, வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வர மாட்டேன் என்றேன். அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. பிரிந்துவிட்டோம் என்று யாரும் அறிவிக்கவும் இல்லை. மாதம் ஒரு முறை போன் வரும். வீட்டு வரி கட்டியாச்சா, தண்ணீர்த் தொட்டி கழுவியாச்சா, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்பாள். கேட்டு முடித்ததும் வைத்துவிடுவாள். அவள் குரல் அடங்கிய பிறகு வீட்டில் டிவியைப் போட்டுவிடுவேன். எனக்கு அவள் பக்கத்தில் வேண்டும்போல இருந்தது. அதை எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை.

எங்களைக் கட்டிவைத்திருந்தது ஒரு காகிதம். அவள் பெயர் புதுச்சேரிப் பிரெஞ்சுத் தூதரகத்து வாக்காளர் பட்டியலிலேயே இருந்தது. முகவரியும் எங்கள் வீடுதான். அங்கிருந்தபடி இங்கே ஓட்டுப் போட முடியாது என்பதால், ஒவ்வொரு தேர்தலுக்கும் என் பெயரில் ப்ரொக்யூரசியோன் எழுதிக் கொடுப்பாள். அதாவது, எனக்குப் பதிலாக இவர் போடுவார் என்கிற அதிகாரம். அங்கே போலீஸ் நிலையத்துக்குப் போய் உறுதி செய்ய வேண்டும். அதற்காக அரைநாள் லீவு போடுவாள். யாருக்குப் போடுவது என்று கேட்டால், "நீங்க யாருக்குப் போடறீங்களோ அவுங்களுக்கே எனக்கும் போட்டுடுங்க" என்பாள். நான் போய் ஓட்டுச்சீட்டு வைத்த இரண்டு உறை போட்டுவிட்டு, என் பெயருக்கு எதிரே ஒரு கையெழுத்தும் அவள் பெயருக்கு எதிரே ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டு வருவேன். இரண்டாவது கையெழுத்தைக் கொஞ்சம் நிதானமாகவே போடுவேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஜனாதிபதித் தேர்தல் வந்தது. பொங்கல் முடிந்த வாரம். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிக் குளித்துவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு இடியாப்பத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது. அந்த மாதத்துப் போன் ஏற்கெனவே வந்துவிட்டதே என்று பயந்துபோய் எடுத்தேன்.

"இன்னாங்க, சேதி தெரியுமா? ஆளை மாத்திட்டாங்க" என்றாள்.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் மேனேஜரை மாற்றிவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அங்கே ஒரு பெரிய கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரை மாற்றியிருந்தது. முதலில் நிறுத்தியிருந்தவர் மேடையில் பேசினால் சொந்தக் கட்சிக்காரர்களே கொட்டாவி விடுவார்களாம். அவர் விலகிக்கொள்ள, வேறு ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். அந்தப் புதியவரின் பேச்சை அவள் பஸ்ஸில் வரும்போது போனில் கேட்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாளாம். அதைச் சொல்லிச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போய்விட்டுக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டபோது சிரித்த அதே சிரிப்பு. என் இடியாப்பம் காய்ந்தே போனது.

அவளுக்கு மட்டும் பிடித்த பித்து இல்லை அது. இங்கேயும் பிடித்திருந்தது. எதிர் வீட்டுக்காரர் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். போன தேர்தலில், இந்த வெயிலில் எவன் போய் வரிசையில் நிற்பான் என்று படுத்துத் தூங்கியவர். ஆள் மாறிய மறுவாரமே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பூசை முடிந்து வருகிறவர்களைக் கோயில் கேட்டில் நிறுத்தி, பட்டியலில் பேர் இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார். பென்ஷன் வாங்க மட்டும் பிரெஞ்சுக்காரர்களாக இருந்தவர்கள் எல்லாம் திடீரென்று பிரான்சின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

மறுநாளும் அதே நேரத்துக்குப் போன் வந்தது. அன்றைக்கு ஓய்வு பெறும் வயதைப் பற்றிப் பேசினாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தூக்கி உட்கார வைக்கும் வேலையில் இருப்பவர்கள் சீக்கிரம் ஓய்வு பெற வேண்டும் என்று புதியவர் சொல்லியிருக்கிறாராம். "நம்மளப் பத்தி ஒருத்தராவது பேசறாங்களே" என்றாள். காலையில் ஆறு மணிக்குப் போய் எத்தனை பேரைத் தூக்குகிறாள், மாடிப்படி இறங்கும்போது வலது முழங்கால் எப்படி மடங்க மறுக்கிறது என்றெல்லாம் சொன்னாள். ஒன்பது வருடத்தில் அவள் முழங்காலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். நான் கேட்டதும் இல்லை. என் ஓட்டு அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. அந்த முழங்காலுக்காக யார் பேசினாலும் அவருக்கே போட்டுவிடலாம் என்று இருந்தது.

"அப்ப உங்க ஓட்டும் இவருக்குத்தானே?" என்றாள்.

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சரி என்றால் பேச்சு முடிந்துவிடும், நாளைக்குப் போன் வராது என்று தோன்றியது. "யோசிக்கணும். கடைசி நேரத்துல வந்த ஆளு. அனுபவம் பத்தாதே" என்றேன்.

நினைத்தது சரியாகப் போயிற்று. மறுநாள் ஆறே முக்காலுக்கே போன் வந்தது, அனுபவத்துக்குப் பதிலோடு.

அப்புறம் அதுவே என் வேலையாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு சந்தேகம். கேன்டீனில் சாப்பிடும்போது போனில் செய்தி பார்த்து அன்றைய சந்தேகத்தைத் தேடுவேன். கிடைக்காவிட்டால், எதிர்க்கட்சிக்காரர்கள் என்ன குறை சொல்கிறார்கள் என்று எதிர் வீட்டு வாத்தியாரிடமே கேட்டுக்கொள்வேன். அவரும் நான் ஆர்வமாக இருப்பதாக நினைத்து விலாவாரியாகச் சொல்வார். வரி யார் கட்டுவது, அணு உலையை என்ன செய்வது, விவசாயிக்கு என்ன செய்வார் என்று நான் கேட்ட கேள்விகளைப் பார்த்தால், என்னையே வேட்பாளராக நிறுத்தியிருக்கலாம். அவளோ ஒன்றையும் விடவில்லை. தெரியாததை மகளிடம் கேட்டு, குறிப்பு எழுதிவைத்துக்கொண்டு வந்து சொன்னாள்.

சொல்லும்போது வேறு விஷயங்களும் வந்து விழும். புதியவருக்காகத் துண்டுப் பிரசுரம் கொடுக்க நாலாவது மாடிவரை ஏறிய கதை. கதவைத் திறந்த ஒரு கிழவி இவளை உட்கார வைத்து சூப் கொடுத்த கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளும் வராமல் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவது. எங்கள் வீட்டு முருங்கை இன்னும் காய்க்கிறதா என்று நடுவில் கேட்டாள். காய்க்கிறது, பறிக்க ஆள் இல்லை என்றேன். அப்புறம் நான்தான் கைத்தொழிலாளர் வரியைப் பற்றி ஏதோ கேட்டுச் சமாளித்தேன். அந்த ஐந்தாறு வாரம் நான் கம்பெனியில் யாரையும் திட்டவில்லை. ஏழு மணியை நினைத்துக்கொண்டே காலையில் எழுந்தேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. பதில் சொல்லிப் பதில் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

"உங்க ஒருத்தர் மனசு மாறினா எனக்கு நூறு பேரு மாறின மாதிரிங்க" என்றாள்.

அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ பேராசை. ஏப்ரல்வரை இன்னும் எத்தனை சாயங்காலம் இருக்கிறது என்றுதான் கணக்குப் போட்டேன். கெத்தாக ஒரு இருமல் இருமிவிட்டு, யார் வந்தாலும் ஒன்றுதான், எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன். மெலிதாக ஒரு "ம்" கேட்டது. வைத்துவிட்டாள்.

மூன்று நாள் போன் இல்லை. நான் தயாராக வைத்திருந்த மூன்று சந்தேகமும் அப்படியே கிடந்தன. நானே கூப்பிட்டிருக்கலாம். போனைக் கையில் எடுத்துவிட்டு, அவளே கூப்பிடட்டும் என்று வைத்துவிட்டேன். நாலாம் நாள் கூப்பிட்டாள். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். பிறகு, தன் பெயரைப் புதுச்சேரிப் பட்டியலிலிருந்து எடுத்து, தான் இருக்கும் ஊர்ப் பட்டியலில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். கடைசித் தேதிக்குள் செய்தாக வேண்டியிருந்ததாம்.

"உங்களுக்குப் புடிக்காத ஆளுக்கு உங்க கையால போடச் சொல்றது எனக்குச் சங்கடமா இருக்குங்க. நானே இங்க போட்டுக்கறேன்" என்றாள்.

கோபம் துளியும் இல்லை. எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கிறாள். நல்லதுதான் என்றேன். வேறென்ன சொல்ல? அதற்கப்புறம் மறுபடியும் மாதத்துக்கு ஒரு போன் என்று ஆனது. பத்து நிமிடத்தில் என் வீட்டிலிருந்து அவள் காலிசெய்துகொண்டு போனமாதிரி இருந்தது எனக்கு.

ஏப்ரல் ஞாயிறு. காலை ஒன்பதுக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர் வீட்டு வாத்தியார் ஆட்டோ பேசி என்னையும் ஏற்றிக்கொண்டார். ஓட்டுச்சாவடி வாசலில் அப்படி ஒரு வரிசையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குடை பிடித்த பெண்கள், வாக்கர் பிடித்த பெரியவர்கள், ஊரே வந்திருந்தது. எல்லார் வாயிலும் புதியவர் பேச்சுத்தான். "வீட்டுக்காரம்மாவுக்கும் நீதான போடணும்?" என்று வாத்தியார் கேட்டார். அவள் அங்கேயே போட்டுக்கொள்கிறாள் என்றேன். உள்ளே போய்ச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் நின்று, அவள் ஆளின் பெயர் இருந்த சீட்டை உறையில் வைத்துப் போட்டேன். பட்டியலில் ஒரே ஒரு கையெழுத்து. அடுத்தவருக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. வாத்தியாரை ஆட்டோவில் போகச் சொல்லிவிட்டு, கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு வேப்பமரத்து நிழலில் நின்று அவளைக் கூப்பிட்டேன். நானாக அவளைக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. பதறிப்போய் எடுத்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டாள். அங்கே காலை வேளை. அவளும் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் பிரெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"உன் ஆளுக்குத்தான் போட்டேன்" என்றேன்.

"நெஜமாவா? எப்ப மனசு மாறிச்சு?"

"நீ முழங்கால் வலியச் சொன்ன அன்னைக்கே."

"அது ரெண்டாம் நாளாச்சே. அப்ப அவ்வளவு கேள்வி?"

"நீ போன் பண்ணுவேன்னுதான்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எதையோ கூட்டிப் பார்க்கிறமாதிரி நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அன்னைக்கும் இப்படித்தானா? ஒரு வருஷம் வாங்க வாங்கன்னு கூப்பிட்டனே. வரணும்னு மனசுல வெச்சுக்கிட்டேதான் வர மாட்டேன்னு சொன்னீங்களா?"

அதுவரை நானே அதை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. ரொட்டிக்கடைக்காரர் மேல்தான் பழியைப் போட்டுவைத்திருந்தேன். ஆனால் அவள் கேட்டதும் தெரிந்துவிட்டது. இன்னொரு முறை கூப்பிட்டால் கிளம்பிவிடலாம், இன்னொரு முறை, இன்னொரு முறை என்று அந்த வருடம் முழுவதும் பெட்டியைக்கூடப் பரணில் ஏற்றாமல் வைத்திருந்தவன் நான்.

"ஆமா" என்றேன்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்க சொன்னது நெஜம்னு நம்பித்தான கூப்பிடறத நிறுத்துனேன்" என்றாள்.

இப்போது வரட்டுமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். தொண்டைவரைக்கும் வந்தது. அதற்குள் அங்கே யாரோ அவளை உள்ளே வரச் சொன்னார்கள். "என் முறை வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.