குலசாமி கேட்டது

என் மகள் போடிக்கு மேலே மலையில், பூப்பாறையில் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறாள். அங்கே ஒரு பையனோடு தாலி கட்டாமல் ஒரே வீட்டில் இருக்கிறாள் என்பது எங்கள் வீட்டில் முதலில் எனக்கு மட்டும்தான் தெரியும். பையன் வேறு சாதி. அவள் போனில் சொன்னபோது என் வீட்டுக்காரரை நினைத்து நான் பயப்படவில்லை. குலசாமியை நினைத்துத்தான் பயந்தேன்.

எங்கள் குலசாமி தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறாள். அவளும் இந்த வம்சத்துப் பெண்தான். ஒருவனோடு மலையேறிப் போனவளை அண்ணன்மார் பிடித்து இறக்கி, ஓடைக்கரையில் வெட்டினார்கள். அதன்பிறகு அந்தக் குடும்பத்தில் பிள்ளைகள் தங்கவில்லை, கிணறுகள் வற்றின. பயந்துபோய் அவளுக்கே கல் நட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். சிவராத்திரிக்கு மறுநாள் பகலில் பொங்கல் வைத்துச் சேலையும் கண்ணாடி வளையலும் சாத்துவோம். அவள் இறங்குவது என் வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார் மேல். அரிவாளோடு ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, ஒளித்து வைத்ததைக் கேட்பாள்.

அந்த வருஷம் வரவேண்டாம் என்றேன். மகள் கேட்கவில்லை. போடியிலிருந்து வேனில் போகும்போது அவள் காதோடு கெஞ்சினேன்.

"பின்னால நின்னுக்கடி. ஆத்தா கண்ணுல பட்றாத."

"ஏம்மா, முருகன் வள்ளிய தாலி கட்டிட்டா கூட்டிட்டுப் போனாரு?"

"அது சாமிடி."

"நம்ம ஆத்தா அப்ப சாமியில்லையே. என்னைய மாதிரி ஒரு பொண்ணுதான."

வெட்டுப்பட்டவளுக்குக் கோபம் யார்மேல் இருக்கும்? தனக்கு வாய்க்காதது இவளுக்கு வாய்த்திருக்கிறதே என்று எரிச்சல்பட்டால்? இத்தனை தலைமுறையாக அண்ணன்மார் வீட்டுப் படையலைச் சாப்பிட்டு, அவளும் அவர்களைப் போலவே நினைக்க ஆரம்பித்திருந்தால்?

உறுமி முழங்கியதும் என் கொழுந்தன்மார், நாத்தனார்கள் எல்லோரும் வரிசையாக நின்றோம். ஒவ்வொருவராகக் கடந்து வந்த மூத்தார் என் மகள் முன்னால் நின்றுவிட்டார்.

"யாரு கூட இருக்க?"

பெண்குரல். போடியிலிருந்து தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்பு டிரைவர்கள் வழியாக விஷயம் அவர் காதுக்கு முன்பே வந்திருக்கலாம் என்று பிறகு நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படியெல்லாம் தோன்றவில்லை.

மகள் கைகூப்பியபடியே சொன்னாள். "எனக்குப் பிடிச்சவரோட இருக்கேன் ஆத்தா. இன்னும் கல்யாணம் பண்ணிக்கல."

உறுமி நின்றது. என் வீட்டுக்காரர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மூத்தாரின் மகன்கள் இரண்டு பேரும் எங்களை நோக்கி வந்தார்கள். அரிவாள் உயர்ந்தது. நான் எப்போது மகளுக்கு முன்னால் போய் நின்றேனோ தெரியாது.

மூத்தார் எங்களை விட்டுத் திரும்பினார். தன் மகன்களைப் பார்த்து அதே குரலில் கேட்டார்.

"என்னையவும் இப்படித்தானடா சுத்தி நின்னீங்க?"

அப்படியே மண்ணில் விழுந்தார். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, "ஆத்தா என்ன சொன்னா?" என்றார். ஒவ்வொருவராகப் பந்திப் பாயை விரிக்கப் போனோம்.

பந்தி நடந்தது. மகன்கள் இருவரும் சாப்பிட உட்காராமல் பைக் பக்கத்தில் நின்று யாருக்கோ போன் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் இலையை மூடினேன்.

"வெரசாக் கிளம்புடி," என்றேன். "நானும் வர்றேன்."

போடிக்கு வந்து மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறினோம். வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்தேன். போடிமெட்டில் மூடுபனி. பின்னால் ஒரு வெளிச்சம் விடாமல் வந்தது. மகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்களைக் கடந்து போனபோதுதான் தெரிந்தது, அது உரமூட்டை ஏற்றிய லாரி என்று. மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூப்பாறையில் அந்தப் பையன் ரோட்டிலேயே காத்திருந்தான். "வாங்கம்மா," என்றான். முதல்முறை பார்க்கிறவனிடம் பேச எனக்கு ஒன்றுதான் இருந்தது. "கதவ நல்லாப் பூட்டிக்கங்கப்பா."

மறுநாள் வீடு திரும்பியபோது என் வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனார். பிறகு, "வீடு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு ரூமு. சுத்தமா வச்சிருக்கா."

அதன்பிறகு கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. மகள் இன்னும் அதே வீட்டில்தான் அவனோடு இருக்கிறாள். இந்த வருஷம் மூத்தார் முட்டி வலி என்று சொல்லிச் சாமியாட வரவில்லை. அவருடைய பெரிய மகன் மேல் ஆத்தா இறங்கினாள். மகளை நான் கூட்டிப்போகவில்லை. திருநீறோடு என் முன்னால் வந்து நின்றவனுடைய கண்ணை உற்றுப் பார்த்தேன். பார்ப்பது அவளா, அவனா என்று எனக்குத் தெரியவில்லை. கையை நீட்டினேன்.