பூஜை நேரத்தில் நிற்காத சக்கரம்

ஆயுத பூஜை அன்று காலை ஆறு மணி மைசூர் பஸ்ஸைப் பிடிக்க சத்தியமங்கலத்தில் நின்றேன். வண்டி ஏழு மணிக்குத்தான் கிளம்பியது. டிரைவர் குனிந்து குனிந்து டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நேரமாகுதுங்களே" என்றார் ஒரு பயணி.

"திம்பத்துல இருபத்தேழு வளைவு இருக்குது. பூஜை போடாம ஓட்டறதுன்னா நீங்க ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்துக்கறேன்."

கேட்டவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். டிக்கெட் முப்பது ரூபாய்.

எனக்கு அவசரம் இருந்தது. பல்லடத்துக்குப் பக்கத்தில் தறிக்கூடம் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் காற்றுக்குக் குறைவில்லை என்று ஒரு தறியை மட்டும் சின்னக் காற்றாடி வைத்து ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது. ஆனால் காற்று இரண்டு நிமிடம் ஓய்ந்தால் தறி தளர்ந்துவிடும். துணியில் பட்டையாகக் கோடு விழும். அந்தத் துணியை வியாபாரி தொடமாட்டார்.

அந்த இரண்டு நிமிடத்தைத் தாண்டத்தான் என் தங்கை சரசுவின் வீட்டுக்காரர் ஆறுச்சாமி மைசூரில் ஒரு வார்ப்புச் சக்கரம் செய்திருந்தார். காற்று அடிக்கும்போது அது வேகத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், ஓயும்போது திருப்பிக் கொடுக்கும். தையல் மெஷினில் காலை எடுத்த பிறகும் ஊசி நாலு தையல் போடுகிறதே, அதே சங்கதிதான். இதற்காக அவர் மோட்டார் கம்பெனி வேலையை விட்டிருந்தார். தசரா முடிவதற்குள் ஒருவராவது எடுக்காவிட்டால் பழைய வேலைக்கே போய்விடுவதாகத் தங்கையிடம் சொல்லியிருந்தார். பார்க்க வருவதாகச் சொன்ன ஒரே ஆள் நான்.

காலையில் சக்கரத்தை ஓட்டிக் காட்டிவிட்டு அப்புறம் பூஜை என்பது ஏற்பாடு. பூஜை போட்டுவிட்டால் மறுநாள் வரை எந்த மெஷினும் ஓடக்கூடாது. நானோ அன்றே திரும்ப வேண்டும். விஜயதசமி காலையில் என் கையால்தான் தறி தொடங்கும்.

திம்பம் மலையில் பனி விலகவில்லை. ஆசனூரில் இரண்டு ரூபாய்க்கு டீ குடித்தோம். சாமராஜநகர் தாண்டியதும் எதிரே வந்த லாரி, டிராக்டர் எல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவது போலப் போயின. நஞ்சன்கூட்டில் கூட்டம் வழியை அடைத்தது. மைசூரில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. பட்டறை இருந்த மேட்டகள்ளிக்கு ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார். நான் தயங்கினேன். "தசரா ரேட் சார்" என்று அவரே பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

ஆறுச்சாமி பட்டறை வாசலிலேயே நின்றார். முகம் வாடியிருந்தது.

"வாங்க மச்சான். கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதுங்களா? இப்பத்தான் ஆஃப் பண்ணச் சொல்லிட்டாரு."

சொன்னவர் நஞ்சப்பா. பட்டறையும் கடைசல் மெஷின்களும் அவருடையவை. ஆறுச்சாமிக்கு ஒரு மூலையை விட்டிருந்தார். பன்னிரண்டரைக்கு நல்ல நேரம் முடிகிறதென்று எல்லாச் சுவிட்சுகளையும் இறக்கி, மெயின் ஃபியூஸையே கழற்றி வாழையிலையில் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார். மெஷின்களெல்லாம் மாலை போட்டுக்கொண்டு அடங்கி நின்றன.

சக்கரம் மட்டும் இரும்புக் கூண்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கரண்டில் ஏற்றிய வேகம். சத்தமும் பெரிதாக இல்லை.

நஞ்சப்பா சந்தனத் தட்டோடு அதன் எதிரில் போய் நின்றார். சக்கரம் நிற்காமல் எப்படிப் பொட்டு வைப்பது? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார்.

"இன்னூ நிந்தில்வல்லா!" என்றார் கன்னடத்தில், இன்னும் நிற்கவில்லையே என்று. பிறகு எனக்காகப் பாதித் தமிழுக்கு மாறினார். "நோடி, பாருங்க சார், ஊரெல்லாம் லீவு. உங்க மாப்பிள்ளை சக்ரக்கு மட்டும் லீவு இல்லை!"

நிற்கவில்லை என்றால் நன்றாகச் செய்திருக்கிறார் என்று பொருள். அதற்குச் சந்தோஷப்படவும் முடியாமல், "கட்டையைக் குடுத்து நிறுத்திடறேனுங்க" என்று ஆறுச்சாமி ஒரு மரத்துண்டை எடுத்தார்.

"வேண்டாம் மாப்ளே. ஆளைத் தூக்கி வீசிரும்" என்றேன். அந்தப் பட்டறைக்குள் நான் பேசிய முதல் வார்த்தை அது.

சுண்டல் பாத்திரத்தோடு வந்த சரசு மூவரையும் பார்த்தாள். "மூணு ஆம்பளைங்க மரமாட்டம் நிக்கறீங்களே. அதுகிட்ட இருக்கற வேகத்தை வாங்கிட்டா தானா நிக்குது. லைட்டைப் போடுங்க." நஞ்சப்பா பக்கம் திரும்பி, "பூஜைக்கு விளக்கு எரியலாமில்லீங்களா அண்ணே?" என்றாள்.

நஞ்சப்பா யோசித்தார். "தீபா தானே? ஹச்சு, ஹச்சு!" என்று ஏற்றச் சொல்லித் தலையாட்டினார்.

சக்கரத்தோடு பெல்ட்டில் கார் டைனமோ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதில் நான்கு கார் முன்விளக்குகளை மாட்டி வைத்திருந்தார் ஆறுச்சாமி. சுவிட்சைத் தட்டினார். பட்டறை முழுவதும் வெளிச்சம். மெயின் ஃபியூஸ் இலையில் குங்குமத்தோடு கிடந்தது.

பாரம் ஏறியதும் சக்கரத்தின் குரல் தணிந்தது. காற்றாடி ஓய்ந்தால் எங்கள் தறி திணறுமே, அந்தத் திணறலைத்தான் எதிர்பார்த்தேன். வரவில்லை. இரண்டு நிமிடம் ஆயிற்று, மூன்று ஆயிற்று. வெளிச்சம் குறையவே இல்லை. ஐந்தாவது நிமிடத்துக்கு மேல்தான் லேசாக மஞ்சள் தட்டியது.

"ராத்திரி முழுக்க எரியும்னு நான் சொல்ல மாட்டனுங்க மச்சான்" என்றார் ஆறுச்சாமி. "காத்து மூச்சு வாங்கற நேரத்துக்குத் தாங்கும். அவ்வளவுதான். உங்க தறி இந்த நாலு லைட்டை விடக் கூடத்தான் இழுக்கும். ஆனா ரெண்டு மூணு நிமிசத்துக்கு எனக்குப் பயமில்லை."

எனக்கும் இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்குகளையே பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரசு சுண்டலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

விளக்குகள் சிவந்து அணைந்தன. சக்கரம் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பன்னிரண்டரை தாண்டியிருந்தது. "சாமி கோவிச்சுக்காது. விளக்கு அதுவே ஏத்தியிருக்கு" என்று நஞ்சப்பா சந்தனத்தைத் தொட்டார்.

எங்கள் பக்கம் அடுத்தவர் ஆயுதத்துக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை. அவரவர் பொருளுக்கு அவரவர்தான். நான் எழுந்துபோய் நஞ்சப்பா கையிலிருந்த தட்டை வாங்கினேன். சக்கரத்தின் நடுவில் சந்தனத்தைத் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்தேன்.

ஆறுச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. சரசுதான் சிரித்தாள். "ஏனுங்க, இன்னும் என்ன முழிக்கறீங்க? அண்ணன் எடுத்துக்கிட்டாரு."

இருட்டுவதற்குள் காட்டைத் தாண்ட வேண்டும் என்பதால் இரண்டரை மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஆறுச்சாமியும் கூடவே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காற்றாடிக்கு எந்தப் பக்கம் சக்கரத்துக்குக் கான்கிரீட் மேடை போடுவது, குழி எவ்வளவு ஆழம் என்று சொல்லிக்கொண்டே நின்றார். பஸ் நகர்ந்த பிறகும் விடவில்லை. "மேற்கால வேண்டாம் மச்சான், கிழக்கால" என்று ஓடிவந்து சொன்னார்.

மைசூர் பெரிய ஊர். அன்று சாயங்காலம் அரண்மனை விளக்கு பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் அரண்மனை கிடையாது, காற்று இருக்கிறது. கிழக்குப் பக்கம் இடமும் இருக்கிறது.