சங்கிலியில் இரண்டாவது ஆள்

அறுபதுகளில், பம்பாய்ச் செம்பூரில் நான் நேரக் கணக்கராகப் பணியாற்றிய தொழிற்சாலைக்குச் சொந்தமாக ஒரு சடுகுடு அணி இருந்தது. பம்பாய்க்காரர்கள் அவ்வாட்டத்தை ஹுதுது என்பர். அணிக்கு ஆள் தேவைப்படும்போது, கல்லூரிகளில் ஆடும் இளைஞர்களைப் பார்த்து, தேறியவருக்கு நிரந்தர வேலையே கொடுத்து எடுத்துக்கொள்வது நிர்வாகத்தின் வழக்கம். ஆளைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு, இளமையில் ஓரளவு ஆடியவன் என்ற ஒரே தகுதியால், என்னிடம் வந்து சேர்ந்திருந்தது.

மாட்டுங்காவில் நடந்த ஒரு கல்லூரி ஆட்டத்தில்தான் அவனைக் கண்டேன். தாராவித் தோல் கிடங்கில் சுமை தூக்கும் ஒருவரின் மகன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. அவன் பாடிச் செல்பவனும் அல்லன், பாய்ந்து பிடிப்பவனும் அல்லன். எதிரணியான் மூச்சடக்கிப் பாடிக்கொண்டு உள்ளே வரும்போது, தடுப்போர் இருவர் இருவராகக் கைகோத்துச் சங்கிலியாக நிற்பர். ஓரத்து ஆள் பாய்ந்து காலைப் பிடிப்பார். உள்ளே நிற்பவன் அவர் கையை விடாமல் நங்கூரம் போல் ஊன்றி நிற்க வேண்டும். இவன் அந்த இரண்டாவது ஆள். ஆட்டம் முழுவதும் அவனுக்காக ஒருவரும் கைதட்டவில்லை; ஆனால் அவன் நின்ற பக்கத்திலிருந்து ஒருவரும் தப்பிப் போகவுமில்லை. அவன் தொடையின் திரட்சியையும் குதிகால் ஊன்றும் விதத்தையும், மாட்டுச்சந்தைக்குப் போனவன் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பல்லைத்தான் பிடித்துப் பார்க்கவில்லை.

இடமோ ஒன்றே ஒன்று. போட்டிக்கு, தாணேயிலிருந்து பாடிச் செல்வதில் வல்லவனான ஓர் இளைஞனும் வந்திருந்தான். நம்மவனுடைய தந்தைக்கு முதுகு ஓய்ந்துவிட்டது. இவ்வேலை கிடைக்காவிடில், படிப்பு முடிந்த மறுநாள் மகன் அதே கிடங்கில் அதே மூட்டைக்கு முதுகு கொடுக்க வேண்டியதுதான்.

தேர்வு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மைதானத்துக்கு வழி தெரியாதவனாதலால் முதலில் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். பிழை அங்கேதான் நிகழ்ந்தது.

“யய்யா, வெறும் வயித்தோடயா மல்லுக்கட்டப் போற? உக்காரு, ரெண்டு வாய் தின்னுட்டுப் போ” என்றாள் என் மனைவி.

“வேண்டாம் மதினி, வெளாடணும்.”

“வெளாடுததுக்குத் தெம்பு வேண்டாமா?”

அமர்ந்தான். தட்டில் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கலாகாது என்பது அவன் வீட்டு வளர்ப்பு. விருந்தாளியின் தட்டு வெறுமையாய் இருக்கலாகாது என்பது என் மனைவியின் கொள்கை. இவ்விரண்டு ஒழுக்கங்களும் ஒன்றையொன்று சந்தித்தால் என்ன ஆகும் என்பதை அன்று கண்ணாரக் கண்டேன். அவன் துடைத்துத் துடைத்து உண்டான். அவள் நிரப்பி நிரப்பி வைத்தாள். மீன் குழம்புச் சட்டி காலியான பிறகே இருவரும் போரை நிறுத்தினர். இடையில் அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தபோது, அப்பளத்தைச் சற்று அவன் பக்கம் நகர்த்தியதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை.

மைதானத்தில், ஓட்டத்தில் கடைசியாக வந்தான். குனியச் சொன்னால் பாதி குனிந்து, எதையோ யோசிப்பவன் போல் நின்றுவிட்டான்.

“என்னல ஆச்சு?” என்று காதோரம் கேட்டேன்.

“அண்ணாச்சி, கொழம்பு மேல வருது.”

எங்கள் மேலாளர் ஒரு பார்சி கனவான். “அரே, யே தோ சோ ரஹா ஹை!” என்றார். உறங்கவில்லை, நிதானிக்கிறான் என்று நான் அவருக்கு விளக்கினேன். அவர் நம்பவில்லை.

அடுத்து ஆட்டம். ஓரத்து ஆளாக எங்கள் அணித்தலைவர். மராட்டியர், கடைசல் பிரிவில் பணிபுரிபவர். அவர் கையைக் கோத்து நம்மவன். தாணே இளைஞன் பாடி வந்து தலைவரைத் தொட்டான். தலைவர் அவன் கணுக்காலைக் கவ்விக்கொண்டார். அவனோ அவரைத் தரையோடு இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி நகரப் பார்த்தான். நம்மவன் பாயவில்லை, குனியவில்லை, ஓரடி நகரவுமில்லை. தலைவரின் மறு கையைப் பற்றியபடி நட்டது நட்டபடி நின்றான். கோடு கைக்கெட்டும் தொலைவில் இருக்க, தாணேக்காரனின் மூச்சு அறுந்தது.

மேலாளர் துள்ளி எழுந்து தலைவரைச் சுட்டிக்காட்டினார். “இஸ்கோ லே லோ!” இவனையே எடுத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு.

“சாஹேப், நான் ஏற்கனவே உங்க ஆளுதான்” என்று ஹிந்தியில் சொல்லி, தலைவர் தம் மணிக்கட்டைக் காட்டினார். ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. “இந்தக் கையைப் பாருங்க.” பின், நம்மவனை விலக்கி, அவ்விடத்தில் வேறொருவரை நிறுத்தி மறுபடியும் ஆடச் சொன்னார். இம்முறை தாணேக்காரன் தலைவரைப் பாய்போல் இழுத்துக்கொண்டு கோட்டைக் கடந்தான். கூடவே புதிய இரண்டாவது ஆளும் இலவசமாகப் போய்ச் சேர்ந்தார்.

மேலாளர் நெடுநேரம் நம்மவனைப் பார்த்தார். “அச்சா. அந்தக் கம்பத்தையே எடுத்துக்கோ” என்றார்.

வேலை உத்தரவு கையில் கிடைத்த அன்று, பேடா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மனைவி தட்டை வைத்தாள். பட்டறிவு பெற்றவனல்லவா, இம்முறை ஒரு கைப்பிடிச் சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழப்போனான்.

“ஏன், கொழம்பு நல்லால்லியா?” என்றாள் அவள், முகம் வாடி.

“அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க!”

நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் தட்டு மீண்டும் இழுபடும் ஓசை கேட்டது. அந்தக் கம்பம் அசைந்து நான் அறிந்தது அந்த ஒரு முறைதான்.