அபெலினோ மச்சானின் கறுப்பு வானம்

என் அக்கா நொல்ஃபாவைக் கட்டிய அபெலினோ பகலில் ஊர்க்காரர்களின் ஃபிரிட்ஜ்களைப் பழுதுபார்ப்பார், இருட்டினால் வானத்தைப் படம் பிடிப்பார். சிலியில் எங்கள் உர்த்தாதோ பள்ளத்தாக்கில் வானத்தை நம்பிப் பிழைக்கிற வீடுகள் ஏராளம். அக்கா வீட்டுக்குப் பின்னால் மூன்று குடில்கள். நட்சத்திரம் பார்க்க வருகிறவர்கள் தங்கிப்போவார்கள். அவைதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டன.

ஆறு வருஷத்துக்கு முன் கேமரா வாங்கும்போதே வீட்டில் சண்டை. வண்ணக் கேமரா வாங்குங்கள், ஒரே தடவையில் படம் வந்துவிடும், விருந்தாளிகளுக்கு அப்போதே காட்டலாம் என்றாள் அக்கா. மச்சான் கேட்டால்தானே! வண்ணக் கேமராவுக்குள் வெளிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பிடிக்கும், கறுப்பு வெள்ளையில் எல்லாப் புள்ளியும் முழுசாக உழைக்கும், நிறக்கண்ணாடித் தகடுகளை மாற்றி மாற்றி எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று பாடமே நடத்தினார். முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள். கறுப்பு வெள்ளையையே வாங்கினார்.

மூன்றாம் வருஷம் கிழக்கு மலைக்குப் பின்னால் செம்பு ஆலை வந்தது. முதலில் ராத்திரியில் அதன் விளக்குகளால் மலை விளிம்பில் நகக்கண் அளவு வெளுப்பு. அடுத்த மாதம் ஒரு சாண். பிறகு அது ஏறிக்கொண்டே போனது. மச்சானின் படங்களில் சாம்பல் பூத்தது. பிறகு புதிதாக ஒரு தகடு வரவழைத்தார். அது விண்வெளி வாயுவின் சிவப்பை மட்டும்தான் உள்ளே விடும், ஆலை விளக்கை வெளியே நிறுத்திவிடும். படம் பழையபடி கறுப்பாக வந்தது. சாம்பல் படங்களை எல்லாம் அழித்துவிட்டார். ஆலையில் விளக்கு கூடியபோது இன்னும் கெடுபிடியான தகடு வாங்கினார். போட்டிகளில் பரிசுகூடக் கிடைத்தது.

அக்காவின் விருந்தாளிகளுக்குத் தகடு ஏது? நாலு நாளுக்கு என்று வந்தவர்கள் இரண்டாம் நாளே மூட்டை கட்டினார்கள். ஒரு குடிலைப் பூட்டினாள், பிறகு இன்னொன்றையும். அவள் புலம்பினால் மச்சான் படத்தை நீட்டி, மை மாதிரி இருக்கிறதே, எங்கே வெளிச்சம் என்பார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

போன மாதம் ஆலையை இரண்டு மடங்காக்க அனுமதி கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பகலில் விசாரணை. ஆலை வெளிச்சம் வானத்தைக் கெடுக்கிறது என்று ஊர்க்காரர்கள் முறையிட்டார்கள். வருஷாவருஷம் ஒரே கருவியில் எடுத்த படம் இருந்தால் கொடுங்கள், போன் படம் செல்லாது என்றார் அதிகாரி. ஊரே மச்சானைத் திரும்பிப் பார்த்தது.

அதற்குள் ஆலையின் வக்கீலம்மா சுவரில் படங்களைக் காட்டத் தொடங்கினாள். அத்தனையும் மச்சானின் பரிசுப் படங்கள். எங்கள் விளக்குகள் எரிந்த மூன்று வருஷமும் பதினொரு கிலோமீட்டரில் இருந்து எடுத்தவை, வானம் எவ்வளவு கறுப்பு பாருங்கள் என்றாள். மச்சான் எழுந்து தகட்டைப் பற்றிச் சொல்லப் பார்த்தார். வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“எங்க விளக்கு வந்த பிறகு அந்தத் தகடு போடாம எடுத்த படம் ஒண்ணாவது இருக்கா, ஐயா?”

“இல்லம்மா.”

கடைசி வரிசையில் அக்கா எழுந்தாள். “எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அந்த வெளிச்சம் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். “தெரிஞ்சுது நொல்ஃபா. பாக்கப் பிடிக்கல. அதான் தகடு போட்டேன்.”

வாய்ச்சொல் கணக்கில் வராது என்று சொல்லி, அதிகாரி சுவரில் காட்டிய படங்களைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“வண்டிய எடுடா. ரோட்டுல இருக்கிற குடில் விளம்பரப் பலகையக் கழட்டணும்.”