முகத்துவாரத்தில் அம்மாவுக்கு ஒரு வேலை

அம்மா காணாமல் போன நேரத்தில் நான் செருப்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கொழும்பு ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் வாசல். செருப்பு பார்த்துக்கொள்கிற ஆள் என்னுடையதை யாருக்கோ கொடுத்துவிட்டு, "இதுதானே உங்கட?" என்று ஒரு பிய்ந்த ஜோடியை நீட்டினார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் நின்ற அம்மாவைக் காணோம்.

அம்மாவுக்கு மறதி நோய். நான் யார் என்பதே பாதி நாள் நினைவிருக்காது. அது போதாதென்று சர்க்கரை வேறு. காலையில் வெள்ளவத்தை லாட்ஜில் ஊசி போட்டு, இரண்டு இட்லி ஊட்டிக் கூட்டி வந்திருந்தேன். மதியச் சாப்பாடு தவறினால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவாள். ஆள் இல்லாத இடத்தில் விழுந்தால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

நாங்கள் மதுரையிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள். அம்மா இந்த நாட்டில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவைக் கட்டிய புதிதில் கப்பலேறி இந்தியா வந்தாள். தெருவில் எல்லோரும் 'சிலோன்காரி' என்று பழித்ததாலோ என்னவோ, பழைய கதை எதையும் அவள் வாய் திறந்து சொன்னதில்லை. கல்யாணம் முடிந்ததும் உறவுக்காரர்கள் மலைநாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இந்த ஊரில் எனக்கு நாதி கிடையாது.

சந்து சந்தாக ஓடினேன். பழக்கடை, பூக்கடை, பஸ் நிற்கிற இடம் என்று ஒன்று விடாமல் கேட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. முருகா, உன் வாசலில்தானே நின்றாள், நீ என்னத்தைப் பார்த்துக் கிழித்தாய் என்று சத்தமாகவே திட்டினேன். நடுத்தெருவில் நின்று அழுத என் பக்கத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் வெள்ளைத் தாடி வைத்த முஸ்லிம் பெரியவர்.

"அழ வேணாம் தங்கச்சி. மொதல்ல ஏறுங்க. யாரக் காணல்ல?"

"எங்கம்மா, பாய். ஊதாச் சேலை. பொட்டு வச்சிருக்க மாட்டாங்க. இந்தியாவுலேர்ந்து வந்திருக்கோம். தமிழத் தவிர ஒரு வார்த்தை தெரியாது."

அப்படித்தான் அடித்துச் சொன்னேன். அவர் அதை அப்படியே போனில் பேசி, ஆட்டோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். பொலிஸுக்குக் கூட்டிப் போய் அங்கேயும் அதையே சிங்களத்தில் சொன்னார். ஊதாச் சேலை கட்டிய, தமிழ் மட்டும் தெரிந்த இந்திய அம்மாவைக் கொழும்பு முழுக்கத் தேட ஆரம்பித்தார்கள்.

கொட்டாஞ்சேனைக் கோயில்கள், தேவாலயங்கள், ஆஸ்பத்திரி வாசல் எல்லாம் பார்த்தாயிற்று. தெமட்டகொடையில் ரயில் பாதையோரம் வயதான பெண் ஒருத்தி கிடப்பதாகக் குழுவில் செய்தி வந்தது. அங்கே போகும் வழியெல்லாம் நான் என்னென்ன வேண்டினேன் என்று எனக்கே தெரியாது. போய்ப் பார்த்தால் வேறு யாரோ. பசி மயக்கத்தில் படுத்திருந்தாள். பாய் தன் தண்ணீர்ப் போத்தலை அவள் கையில் கொடுத்து, நிழலில் உட்கார வைத்துவிட்டு வந்தார். எனக்கோ, அது அம்மா இல்லை என்ற நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அப்படியானால் அம்மா எங்கே?

மதியம் தாண்டிவிட்டது. இந்நேரம் எங்கோ விழுந்திருப்பாள் என்றே மனது சொன்னது. பாய் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் வண்டியை நிறுத்தி, பணிஸ் ரொட்டியும் பிளேன்டீயும் வாங்கி என்னிடம் நீட்டினார்.

"எங்கம்மா எங்க பட்டினியா கெடக்கோ, எனக்கு இது ஒண்ணுதான் கேடு!"

"நீங்களும் விழுந்துட்டா, நான் ரெண்டு பேரையும் எங்கெண்டு தேடுறது?"

ஆத்திரத்தில் எனக்கு வாயில் வந்தது, "பிஸ்ஸுத உங்களுக்கு?"

அவர் என்னையே பார்த்தார். "பைத்தியமா எண்டு கேக்குறீங்க. தங்கச்சிக்கு சிங்களம் தெரியுமா?"

"சிங்களமா? எங்கம்மா கோவம் வந்தா எங்களத் திட்டுற வார்த்தை அது."

சின்ன வயதில் நாங்கள் அதை அம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு என்றுதான் நினைத்தோம். வேறென்ன சொல்வார்கள் என்று கேட்டார். அடிபட்டால் சொல்வது, பிள்ளையைக் கொஞ்சும்போது சொல்வது என்று நினைவில் இருந்த இரண்டு மூன்றைச் சொன்னேன். பாய் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"சுபஹானல்லாஹ்! அம்மாக்கு நல்லா சிங்களம் வரும் தங்கச்சி. நாம காலையிலிருந்து ஆள மாத்தித் தேடிட்டு இருக்குறோம்."

புதிதாக இன்னொரு செய்தி அனுப்பினார். உடனேயே ஒரு ஆட்டோக்காரர் பதில் போட்டார்: "ஊதாச் சாரி ஆச்சியா? சிங்களம்தானே கதைச்சா. காலைல நான்தான் முகத்துவாரத்துல எறக்கினேன். கையில சல்லி இல்ல, பாவம் எண்டு சும்மா கூட்டிப் போனேன். நீங்க இந்திய அம்மா எண்டுதானே சொன்னீங்க?"

முகத்துவாரம் என்கிற மீனவர் பகுதியில், கடலை ஒட்டிய வரிசை வீடுகளில் மூன்றாவது கதவைத் தட்டியபோது அம்மாவைப் பார்த்தேன். யாருடையதோ ஒரு பூப்போட்ட கவுனைப் போட்டுக்கொண்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்து நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அப்படியே வாசலில் உட்கார்ந்து ஊளையிட்டு அழுதேன்.

அது ஒரு மீன்பிடிக் குடும்பம். வீட்டுக்காரப் பெண் சிங்களத்தி. அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது.

"காலைல கதவுகிட்ட வந்தது. வீட்டு வேல இருக்கா, கேட்டது. நான் இல்ல சொன்னா, அழுதது. பாவம் தானே? பொறகு நான் வேல இருக்கு சொன்னேன்."

தோட்டத்துச் சிறுமிகளைக் கொழும்பில் சிங்கள வீடுகளுக்கு வேலைக்கு அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; அம்மாவும் அப்படி ஒருத்தி என்று அன்றுதான் தெரிந்தது.

சேலையெல்லாம் சேறாக இருந்ததால் குளிப்பாட்டி, தன் கவுனை மாட்டிவிட்டிருக்கிறாள். வேலை செய்யாமல் சாப்பிட மாட்டேன் என்று அம்மா அடம் பிடித்ததால்தான் அந்த நெத்திலித் தட்டு.

"சோறு சாப்பிட்டாங்களா?" என்றேன். அந்த ஒன்றைத்தான் முதலில் கேட்கத் தோன்றியது.

"ரெண்டு தரம் தின்னது."

அவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் வெட்கப்பட்டுக் கையை இழுத்தாள். உயிரைக் காப்பாற்றிய கை அது என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

அம்மா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பெற்ற மகளைப் பார்க்கிற பார்வை அதில் இல்லை. வீட்டுக்காரியைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ தாழ்மையாகக் கேட்டாள். வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன பாய் சொல்றாங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"நோனா, இந்தப் புள்ளையும் வேல தேடித்தான் வந்திருக்கு போல, அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கெடக்கு, இதுக்கும் ஒரு வேல குடுங்க எண்டு கேக்குறாங்க. சோறு பத்தாட்டி அவங்கட சோத்துல பாதி குடுப்பாங்களாம்."

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள்.

"இருக்குன்னு சொல்லுங்கம்மா," என்றேன்.

அவள் சொன்னாள். அம்மா தட்டை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து, எனக்கு இடம் விட்டாள்.