கப்பலில் ஒரு டோக்கன் போர்டு

மகளின் படிப்பைப் பத்தாவதோடு நிறுத்திவிடுவது என்று என் அண்ணன் முடிவு செய்திருந்தார். அவளுக்கு அப்போது பதினாறு நடந்துகொண்டிருந்தது. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். நன்றாகப் படிக்கிற பெண்தான். ஆனால் வாய் அதிகம், சிரிப்பு அதிகம். ட்யூஷன் பையன்களோடு பஸ் ஸ்டாப்பில் நின்று பேசியதை யாரோ புண்ணியவான் பார்த்துவிட்டு அண்ணனிடம் வந்து சொல்லியிருந்தான். அண்ணனுக்கு அது போதும்.

அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு லேத் போட்டு ஒர்க்‌ஷாப் நடத்திவந்தார். வீடு கள்ளிக்குப்பத்தில். நான் ஆவடியில், ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எண்பதுகளின் கடைசி அது. அந்தக் கோடையில் எங்கள் செக்‌ஷனில் ஐந்தாறு குடும்பங்கள் எல்.டி.சி. என்கிற விடுமுறைப் பயணச் சலுகையை எடுத்துக்கொண்டு அந்தமானுக்குக் கப்பலில் போவதாக ஏற்பாடு. என் கணவர், பதினான்கு வயது மகன், பதின்மூன்று வயது மகள், நான். எங்களோடு அண்ணன் மகளையும் அழைத்துப்போகிறேன் என்று கேட்கத்தான் கள்ளிக்குப்பம் போனேன். போன இடத்தில் ப்ளஸ் ஒன் பேச்சு வந்து பெரிய சண்டையாகிவிட்டது. நான் விடுகிற ஆள் இல்லை. ஒரு மணி நேரம் கத்திய பிறகு அண்ணன் இறங்கிவந்தார்.

"இந்தா பாரு. கப்பல்ல இட்டுகினு போ. போய்ட்டு வந்தப்பறம் ஒரு புகார், ஒரே ஒரு புகார் என் காதுல உழக்கூடாது. உழுந்துச்சுன்னா பத்தாவதோட சரி. அப்பறம் நீ வந்து என் ஊட்டு வாசல்ல நின்னு கத்தக்கூடாது."

"ஒரு புகாரும் வராது. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லிவிட்டேனே தவிர, பஸ்ஸில் வரும்போதே கப்பலில் யார் யார் வருகிறார்கள் என்று எண்ணத் தொடங்கினேன். என் பக்கத்து மெஷின்காரியும் அதே கப்பலில்தான் வருகிறாள். அவள் தங்கை குடியிருப்பது என் அண்ணன் தெருவில். அவள் கண்ணில் ஒன்று பட்டால் கள்ளிக்குப்பத்துக்குத் தந்தி அடித்த மாதிரிதான். போக மூன்று நாள், வர மூன்று நாள், நடுவில் போர்ட் பிளேயரில் ஒரு வாரம். வயசுப் பிள்ளைகள் மூன்று பேரை ஒரு கப்பலுக்குள் வைத்து, சலிப்பு வராமலும் பேர் கெடாமலும் ஓட்டியாக வேண்டும். பதினான்கு வருடம் தொழிற்சாலையில் குப்பை கொட்டியவளுக்கு வேறு என்ன தோன்றும்? ஷிஃப்ட் போடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் உண்டு. உள்ளே வரும்போது அதை போர்டில் உங்கள் நம்பருக்கு நேரே மாட்ட வேண்டும். டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று கணக்கு. நான் காலண்டர் அட்டையை வட்டமாக வெட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி நூல் கோத்தேன். எங்களுக்குக் கிடைத்தது பங்க் கிளாஸ். கீழ்த்தளத்தில் பெரிய கூடம், இரண்டு அடுக்குக் கட்டில்கள் வரிசை வரிசையாக. கட்டில் கம்பியில் மூன்று ஊக்குகளைக் குத்தி, டோக்கன் போர்டு தயார் செய்துவிட்டேன். இரண்டு மணிக்கு ஒருதரம் மூவரும் வந்து டோக்கனை மாட்டி, முகத்தைக் காட்டிவிட்டு, அதைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். டெக்கில் இடது பக்கம் மட்டும்தான் நிற்கலாம். சாப்பாட்டு மணி அடித்தால் சேர்ந்து போக வேண்டும், சேர்ந்து வர வேண்டும்.

"அத்தே, இது கப்பலா ஜெயிலா?" என்றாள் அண்ணன் மகள்.

"ரெண்டும்தான். ப்ளஸ் ஒன் வேணுமா வேணாமா?"

அவள் டோக்கனை வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் நிபந்தனை தெரியும்.

பொழுதுபோக்குக்கும் குறை வைக்கவில்லை. தாயக்கட்டை, செஸ், லூடோ எல்லாம் பையில் இருந்தன. துறைமுகத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் கப்பல் ஆடத் தொடங்கியது. தாயக்கட்டை யாரும் உருட்டாமலே தானாக உருண்டு தாயம் போட்டது. செஸ் காய்கள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. என் கணவர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே படுத்தவர், போர்ட் பிளேயர் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஆக, மேஸ்திரி வேலை முழுக்க என் தலையில். முதல் நாள் கண்கொத்திப் பாம்பு மாதிரி காவல் காத்தேன். எட்டு மணிக்கு மூன்று டோக்கன், பத்துக்கு மூன்று டோக்கன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து மெஷின்காரியிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். அவளுடைய பிள்ளைகள் கப்பல் முழுக்க ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தன.

இரண்டாம் நாள் காலையில் எனக்கே தலை சுற்றியது. பன்னிரண்டு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தவள், ஊக்கில் அட்டை உரசும் சத்தம் கேட்டு லேசாகக் கண் திறந்து பார்த்தேன். மூன்றும் தொங்கின. மகன் முகம் தெரிந்தது, மகள் முகம் தெரிந்தது. மூன்றாவது முகத்தைத் தேடாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

சாப்பாட்டு மணி அடித்து வரிசையில் போய் நின்றபோது அண்ணன் மகளைக் காணவில்லை.

"எங்கடா அவ?"

மகன் சாம்பார் வாளியைப் பார்த்தான். மகள் அவனைப் பார்த்தாள். டோக்கனை மாட்டியது இவன் என்று புரிந்துபோயிற்று. காலையில் அவள் தன் ஆம்லெட்டை இவனுக்குக் கொடுத்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒருத்தர் டோக்கனை இன்னொருத்தர் மாட்டுவது எங்கள் தொழிற்சாலை கேட்டில் நடக்காத கூத்தா? எத்தனை பேர் பிடிபட்டு மெமோ வாங்கியதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்! அதே டோக்கனை நம்பிப் படுத்தேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"எங்க போறேன்னு சொன்னா?"

"மேலே போறேன்னா. வேற ஒண்ணும் சொல்லலம்மா."

டெக்கில் இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். வீடியோ ஹாலில் பார்த்தேன். பெண்கள் குளியலறையில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தபோது தண்ணீர் கறுப்பாக ஓடியது. அத்தோடு என் நிதானம் போய்விட்டது. ஓடிப்போய் கப்பல் ஆபீசில் மேஜையைத் தட்டினேன். அங்கிருந்தவர் விவரம் கேட்டார். பெண் பெயர், வயது, அப்பா பெயர், ஊர், உடுத்தியிருக்கும் துணியின் நிறம், எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஒரு நிமிடத்தில் ஒலிபெருக்கி அலறியது. ஹிந்தியில் ஒருதரம், இங்கிலீஷில் ஒருதரம், தமிழில் இரண்டுதரம். கள்ளிக்குப்பம் இன்னாருடைய மகளைக் காணவில்லை என்று நடுக்கடலில் ஊருக்கே சொல்லியாயிற்று. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டி நான்தான்.

அவள் மேல்தளத்துப் படியில் இறங்கி வந்தாள். கூடவே வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி ஒருவர். தலை நரைத்தவர். அவள் கையில் ஒரு காகிதம் இருந்தது. சுற்றிலும் கூட்டம், முன்வரிசையில் பக்கத்து மெஷின்காரி. நான் ஒன்றும் கேட்கவில்லை. பளாரென்று அவள் கன்னத்தில் அறைந்தேன்.

இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கையை வெட்டிப்போடலாம் என்று இருக்கிறது.

அவள் அழவில்லை. "டோக்கனை மாட்டச் சொன்னது நான்தான் அத்தே. அவனை அடிக்காதீங்க" என்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனா என்னடி?"

"கேட்டா உட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதிகாரிதான் இடையில் புகுந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "அம்மா, பிள்ளை மேல தப்பு இல்ல. தினம் மத்தியானம் சூரியனை அளந்து கப்பல் எங்க நிக்குதுன்னு கணக்குப் போடுவோம். பார்க்க ஆசைப்பட்டவங்களை வரச் சொன்னேன். நாலஞ்சு பேர் வந்தாங்க. கேள்வி கேட்டது இந்தப் பிள்ளை மட்டும்தான்" என்றார்.

கூட்டம் கலைந்தது. பக்கத்து மெஷின்காரி போகும்போது தன் கணவரிடம், நான் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "ஆபீசர் ரூம்ல இருந்துருக்கு. கப்பல் பூரா தேடிக்கிட்டிருக்கோம்!"

அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கட்டிலுக்கு வந்தேன். புகார் வராது என்று சத்தியம் செய்தவள் நான். புகாரை மைக் வைத்துக் கொடுத்தவளும் நான். அவள் பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அந்தக் காகிதத்துல என்ன?" என்று கேட்டேன். சூரியன் உச்சிக்கு வரும்போது அதன் உயரத்தை அளந்தால், நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாமாம். கூட்டல் கழித்தல்தான். எழுந்து உட்கார்ந்து எனக்குப் போட்டுக் காட்டினாள். பாதி புரிந்தது. ஆனால் அடித்த கன்னம் சிவந்திருக்க, அவள் அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தாளே, அது முழுசாகப் புரிந்தது. "நான் உன்னை அடிச்சிருக்கக்கூடாது" என்று சொன்னேன். அதற்கு முன்னால் என் வாழ்நாளில் எந்தப் பிள்ளையிடமும் அப்படிச் சொன்னதில்லை.

டோக்கன்களைக் கழற்றி எறிந்தேன். மறுநாள் மத்தியானம் அனுமதி கேட்டுக்கொண்டு நானே மூன்று பேரையும் மேலே கூட்டிப்போனேன். நேற்று உச்சியிலிருந்து இன்று உச்சிவரை கப்பல் எத்தனை மைல் போயிருக்கும் என்று ஆளுக்கு ஒரு எண்ணைச் சொல்லி, நோட்டீஸ் போர்டில் ஒட்டும் எண்ணோடு ஒத்துப் பார்ப்பது அவர்கள் விளையாட்டாயிற்று. திரும்பி வரும்போது அதே கப்பல், அதே அதிகாரி. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பந்தயத்தில் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்து மெஷின்காரியின் பிள்ளைகள்தான் முதல் ஆட்கள். ஒருவரையும் நான் தேட வேண்டியிருக்கவில்லை. மத்தியானம் ஆனால் எல்லாம் போர்டுக்கு முன்னால் நின்றன.

ஆனால் வாயை யார் கட்டுவது? ஊர் திரும்பியதும் துறைமுகத்தில் பக்கத்து மெஷின்காரிதான் எங்களுக்கு முன்னால் இறங்கினாள். நாங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள், மகளை அழைத்துப்போக வந்திருந்த அண்ணனின் முகம் மாறியிருந்தது.

"இன்னா, மைக்ல என் பேரைப் போட்டு ஏலம் உட்டீங்களாமே?"

"உட்டாங்க. உடச் சொன்னவ நான்."

"ஆபீசர் ரூம்ல இருந்தான்னு அந்தம்மா சொல்லுது."

"ரூம் இல்ல அண்ணே. கப்பல் ஓட்டற எடம். பட்டப்பகல்ல, நாலஞ்சு பேரு கூட. அப்பறம் நானும் தினம் போய் நின்னேன். புகார் குடுத்தவ நான். அதை வாபஸ் வாங்கறவளும் நான்."

"அதெல்லாம் தெரியாது. ஒரே ஒரு புகார்னு சொன்னனா இல்லியா? சொன்னது சொன்னதுதான். நட" என்று மகளின் பையை வாங்கினார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பிடிவாதம் வந்ததோ தெரியவில்லை. டிரங்குப் பெட்டியை நடுவழியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த வண்டிக்காரன் கத்தினான். "கத்துப்பா, கத்து" என்றேன்.

"படிப்பை நிறுத்து, நான் தடுக்கல. ஆனா அங்க இன்னா பண்ணேன்னு அவளை ஒரு வார்த்தை கேளு. கேட்டுட்டு நிறுத்து. நீ கேக்காம நான் இங்கேர்ந்து எழுந்துக்க மாட்டேன்."

அண்ணனுக்கு அவமானமாகப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் மகளைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாதான் பண்ணே அங்க?"

அவள் பயந்துகொண்டே ஆரம்பித்தாள். "சூரியனை அளக்கற கருவிப்பா. அதுல சுத்தற மாதிரி ஒரு ட்ரம் இருக்கு. நம்ம ஒர்க்‌ஷாப்ல மைக்ரோமீட்டர்ல இருக்கற மாதிரியே. ஒரு சுத்து சுத்தினா ஒரு டிகிரி. ட்ரம்ல அறுபது கோடு."

அண்ணன் பையைக் கீழே வைத்தார்.

"பக்கத்துல வெர்னியர் கீதா?"

"இருக்குப்பா. அஞ்சு கோடு."

"அப்போ லீஸ்ட் கவுண்ட் எவ்ளோ வரும்?"

"ஒரு கோடு ஒரு மினிட். அதுல அஞ்சுல ஒரு பங்கு. பாயின்ட் டூ மினிட்."

அண்ணன் உதடு அசைய மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, ஒரு கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு என்ன என்கிற இந்தக் கேள்வியைத்தான். பாதிப் பேர் முழிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். கணக்கு முடிந்து அவர் நிமிர்ந்து பார்த்தபோது, பதினாறு வருடமாக வீட்டில் வளர்ந்த பெண்ணை அன்றைக்குத்தான் பார்க்கிறவர் போல இருந்தது. எனக்குச் சந்தோஷத்தோடு பொறாமையும் வந்தது. நான் அடித்துவிட்டுக் கேட்டதை அவர் அடிக்காமல் கேட்டுவிட்டார்.

"எழுந்துரு, வழியில உக்காந்துகினு" என்று என்னை அதட்டிவிட்டு, மகளிடம் கேட்டார்: "ப்ளஸ் ஒன்ல எந்த குரூப்பு எடுக்கப் போறே?"

"மேத்ஸ்பா."

"காமர்ஸ் எடுத்தா பாங்க் வேலைக்குப் போலாம்னு சொல்றாங்க."

"எனக்கு மேத்ஸ்தான் வேணும்."

"வாய் ஜாஸ்தி உனக்கு. காமர்ஸ்தான்."

ஸ்டேஷன் வரைக்கும் அப்பாவும் மகளும் விடாமல் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். நான் வாயே திறக்கவில்லை.